நம்மால் ஆகுமா? – பத்து வெள்ளி சொன்ன விடை



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, திருப்பணியைப் பற்றி எழுதுங்கள் என்றுதான் சொன்னார்கள். திருப்பணியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் இம்மலரிலேயே இருக்கிறார்கள். நானோ ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்கள் குடியிருக்கும் தாமான்களிலும் அறப்பணியின் பொருட்டு ஏறி இறங்கிப் பழகியவன். அப்படி ஏறி இறங்கியதில், பணமில்லை என்பதைவிடப் பெரிய தடை ஒன்றைக் கண்டேன். அந்தத் தடை ஒரே ஒரு வாக்கியம்தான்: "நமக்கெல்லாம் அது எதுக்குங்க ஐயா?"

நன்கொடையாளர்களில் சிலர் ஆண்டுக் கூட்டத்தில் நேரடியாகவே கேட்கிறார்கள். "கல்வி நிதிக்கென்று நாங்கள் கொடுத்த பணத்தில் மீதம் ஏன் இருக்கிறது? ஏழைப் பிள்ளைகளே இல்லையா?" என்று. நியாயமான கேள்வி. ஏழைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விண்ணப்பத் தாளும் இருக்கிறது. இடையில் இந்த வாக்கியம் நந்திபோல் குறுக்கே படுத்திருக்கிறது. பிள்ளைக்குப் பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்த கடிதம் வீட்டில் இருக்கும். தகப்பனார் அதை மடித்து வைத்துவிட்டு, பையனை லோரி உதவியாளனாக அனுப்பியிருப்பார். பாட்டிக்கு அரசாங்க உதவித்தொகை கேட்கும் உரிமை இருக்கும், "ஆபீசுக்குப் போனா அவங்க நம்மள உட்காரச் சொல்வாங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மழை நின்ற ஈரத்தில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, காண்டா வாளியைத் தோளில் சுமந்து பால் கொட்டகை சேர்ந்த மக்களின் பிள்ளைகள் இவர்கள். சோம்பல் அவர்கள் பரம்பரையிலேயே கிடையாது. நம் வள்ளுவப் பெருந்தகையும் இதை நன்கு பிரித்துப் பார்த்திருக்கிறார். பொருட்பாலில் மடியின்மைக்கு ஓர் அதிகாரம், அதற்கு முன்னே ஊக்கமுடைமைக்குத் தனியாக ஓர் அதிகாரம், பின்னே ஆள்வினையுடைமை, அதற்கும் பின்னே இடுக்கண் அழியாமை. நான்கும் ஒன்றென்றால் நான்கு அதிகாரம் எதற்கு? உடம்பில் சுறுசுறுப்பு இருந்தும் உள்ளத்தில் ஊக்கம் இல்லாமல் இருக்கலாம் என்பதற்கு நம் தோட்டப்புறத்தைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த ஊக்கம் எங்கே போயிற்று? எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் குடியிருக்கும் வீடு தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். மருந்து தோட்டத்து டிரஸ்ஸர் கொடுப்பது. பள்ளிக்கூடம் தோட்டத்துப் பள்ளிக்கூடம். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, எந்த நிரைக்குப் போக வேண்டும் என்று தண்டல் சொல்ல வேண்டும். லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், சாமிக் கொட்டகைக்குக் கூரை மாற்றுவதும் துரை தலையசைத்தால்தான். மரத்தில் கத்தி படும் ஆழம் ஒன்றைத்தான் பாட்டாளி தானே முடிவு செய்தான். அதையும் தண்டல் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவார். இப்படி மூன்று தலைமுறை வாழ்ந்தவனிடம், "நீயே முடிவெடு, நீயே போய்க் கேள்" என்று சொன்னால், அந்தச் சொல் அவனுக்கு அந்நிய மொழிபோல் கேட்கிறது. ஆகவே "நமக்கெதுக்கு" என்பது அவன் குணம் அன்று. அவனுக்குப் படித்துக் கொடுக்கப்பட்ட பாடம். பாடமாக வந்ததை வேறு பாடத்தால் மாற்றலாம் என்பதே என் துணிபு.

பக்தர்களாகிய உங்களுக்குக் கிட்கிந்தா காண்டத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு நுட்பத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கடற்கரையில் வானர வீரர்கள் கூடி நின்று, ஆளுக்கு ஆள் தம்மால் எவ்வளவு தூரம் தாண்ட முடியும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அங்கதன், போய்விடுவேன், திரும்பி வருவதுதான் ஐயம் என்கிறான். அனுமன் ஒன்றும் பேசாமல் இருக்கிறான். அப்போது கரடி வேந்தன் சாம்பவான் அவனிடம் வருகிறான். வான்மீகத்தில் அவன் பேசுவதைக் கவனித்தீர்களானால், "உன்னால் முடியும், முடியும்" என்று முழக்கமிடவில்லை. நீ யார் மகன், குழந்தையாய் இருந்தபோது சூரியனைப் பழமென்று எண்ணி எவ்வளவு உயரம் பாய்ந்தாய் என்று, நடந்து முடிந்த செய்தியையே எடுத்துச் சொல்கிறான். அனுமன் வளர்ந்தது அதற்குப் பிறகுதான். இனி செய்யப் போவதைப் பற்றிய வாக்குறுதியைவிட, ஏற்கெனவே செய்ததைப் பற்றிய நினைவுக்கு வலிமை அதிகம். மேடையில் கையை ஆட்டி ஊக்கமூட்டும் பேச்சாளர்கள் இன்று நாட்டில் நிறைந்துவிட்டார்கள். சாம்பவான் கூலி வாங்காமல் அதைவிட நன்றாகச் செய்தான் என்றே நான் நினைக்கிறேன்.

புராணம் போகட்டும், நம் நாட்டில் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. நான் சிறுவனாக இருந்தபோது நடந்தது.

1950களில் மலாயாத் தோட்டங்களுக்கு ஒரு கேடு வந்தது. நாட்டுக்கு விடுதலை வருகிறது, வந்த பின் நிலைமை எப்படி இருக்குமோ என்ற ஐயத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்க முன்வந்தன. முழுத் தோட்டத்தையும் ஒருவர் விலைக்கு வாங்கித் தோட்டமாகவே நடத்தினால் தொல்லையில்லை. வாங்கியவர்களோ இடைத்தரகர்கள். ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். துண்டு நிலத்துக்காரருக்கு லயம் எதற்கு? ஆயாக் கொட்டகை எதற்கு? பள்ளிக்கூடமும் கோயிலும் எதற்கு? குத்தகைக்காரர் மூலம் குறைந்த கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். தலைமுறைகளாக வேலை செய்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு சாலையோரம் நின்றன. பேராசிரியர் உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலை முழுமையாக ஆராய்ந்து, 1951 முதல் 1960 வரை நடந்ததை மூன்று தொகுதிகளாக 1962இல் வெளியிட்டார். தோட்டப் பாட்டாளிகள் பட்ட பாடு அதில் பதிவாகி இருக்கிறது.

சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று தொழிற்சங்கம் குரல் கொடுத்தது. நம் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி எழுப்பி, பின்னர் 1954இல் பிறந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய பி.பி. நாராயணன் போன்றோர் இந்தப் போராட்டத்தில் முன்னணியில் நின்றனர். அது ஒரு வழி. மற்றொரு வழியைக் காட்டியவர் அப்போது அமைச்சராகவும் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன். "தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்றால், அதை நாமே ஏன் வாங்கக் கூடாது?" என்பதுதான் அந்த வழியின் சாரம்.

இன்று இதைப் படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு இது கூலிக்காரன் துரையின் பங்களாவில் குடியேறலாம் என்று சொன்னதற்குச் சமம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. ஒரு பங்கு நூறு வெள்ளி. நூறு வெள்ளியை மொத்தமாகக் கண்ணால் பார்க்காதவர்களே பெரும்பாலோர் என்பதால் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். பத்து வெள்ளி என்பதும் அன்று ஏறத்தாழ மூன்று நான்கு நாள் கூலி. தோட்டம் தோட்டமாகச் சென்று இதை விளக்கினார்கள். அமைச்சரே வந்தார், தோ புவான் உமாசுந்தரி அம்மையாரும் உடன் சென்றதுண்டு. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் தோட்ட முதலாளியின் மகனாகப் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தகப்பனார் வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்து ரப்பர் பயிரிட்டு உயர்ந்தவர். ஆகவே, "நம்மவர் தோட்டம் வைத்து நடத்த முடியுமா?" என்ற கேள்விக்கு, பேசுகிறவரின் குடும்பமே ஒரு விடையாக நின்றது. இது சிறிய செய்தியன்று.

அப்போது தோட்டத்து மக்கள் மனத்தில் இருந்த எதிர்ப்புகளை என் தாயார் பிற்காலத்தில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவரும் பால் மரம் வெட்டியவர்தான்.

முதலாவது, "தோட்டம் வாங்குவது வெள்ளைக்காரன் வேலை" என்பது. இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். இதற்குச் சொல்லப்பட்ட விடை, காட்டை அழித்தது யார், கன்று நட்டது யார், வடிகால் வெட்டியது யார், பால் எடுப்பது யார் என்ற கேள்விகள். நிலத்தில் உள்ள வேலை ஒன்றுகூட நமக்குத் தெரியாதது இல்லை. கையெழுத்துப் போடுவது மட்டும்தான் துரையின் வேலை. பார்த்தீர்களா, சாம்பவான் வழிதான் இதுவும்.

இரண்டாவது, "நாம ஊருக்குப் போறவங்கதானே" என்பது. தஞ்சாவூர் பக்கத்திலும் திருச்சிராப்பள்ளி பக்கத்திலும் காணி வாங்கி, கடைசிக் காலத்தில் போய்ச் சேரலாம் என்று மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் பலர். பெட்டியைக் கட்டி வைத்திருப்பவன் வீட்டுக்குத் தூண் நட மாட்டான். இந்த எண்ணத்துக்கு எந்தப் பேச்சும் அன்று முழு விடை சொல்லவில்லை என்பதே உண்மை. 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்களில் சுமார் 60,000 பேர் கப்பலேறினார்கள். ஊர் என்று எதை நினைத்திருந்தார்களோ, அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் பலர் எழுதிய கடிதங்களைப் பள்ளி மாணவனாகிய நான்தான் லயத்தில் படித்துக் காட்டுவேன். அவற்றைப் பற்றி இங்கே எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும்.

மூன்றாவது எதிர்ப்பு, "காசை வாங்கிட்டு ஓடிடுவாங்க" என்பது. தோட்டத்தில் சீட்டுப் பிடித்து இரவோடு இரவாகப் போனவர் கதை இல்லாத லயம் கிடையாது. இந்த அச்சத்தைப் பேச்சால் வெல்ல முடியாது, வெல்லவும் முயலக்கூடாது. அதற்கு விடை ரசீது, கணக்கு, பெயர் எழுதிய பதிவேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கிய தோட்டம். சங்கம் தொடங்கிய மறு ஆண்டே, 1961இல், கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தச் செய்தி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது பெரியவர்கள் பேசிக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கெடாவுல நம்ம ஆளுங்க தோட்டம் வாங்கிட்டாங்களாம்." "யாரு, செட்டியாரா?" "இல்லப்பா, வெட்டுக்காரங்க!" கேட்டவருக்கு நம்பிக்கை வரச் சிறிது நேரம் பிடித்தது.

முதல் தோட்டத்தை வாங்குவதற்கு முன் நடந்த ஆயிரம் கூட்டங்கள் செய்யாததை அந்த ஒரு கிரயப் பத்திரம் செய்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கூட்டங்கள் இல்லாமல் அந்தப் பத்திரம் வந்திராது. ஆகவே முதலில் நம்பிக் கொடுத்தவர்கள்தான் உண்மையான முன்னோடிகள். எதுவும் கண்ணுக்குத் தெரியாதபோது பத்து வெள்ளி கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

என் தாயார் முன்னோடி அல்லர். புக்கிட் சீடிம் செய்திக்குப் பின் சேர்ந்தவர். அமைச்சர் பேசியதால் அவர் சேரவில்லை. பக்கத்து நிரையில் மரம் வெட்டிய ஓர் அம்மாள் தம் ரசீதை முந்தானையில் முடிந்து வைத்திருந்து காட்டினாராம். "அவளுக்கு இருக்கிற அறிவு எனக்கு இல்லாமப் போச்சா?" என்றுதான் சேர்ந்தாராம். எனக்கு இதில் ஒரு பெரிய பாடம் இருப்பதாகத் தோன்றுகிறது. மேலே இருப்பவர் சொன்னால் மரியாதைக்குக் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவர் செய்தால்தான் செய்வார்கள்.

துன் சம்பந்தன் 1979இல் மறையும்வரை இந்தச் சங்கத்தைத் தம் உயிர்போல் காத்தார். பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் பாட்டாளிகளின் சேமிப்பால் வாங்கப்பட்டன. கோலாலம்பூரில் அவர் பெயர் தாங்கிய கட்டடத்தில் சங்கம் இன்றும் இயங்குகிறது. குறைகளே இல்லாத சங்கம் என்று நான் எழுதவில்லை. எந்தக் கூட்டுறவுக்கும் உள்ள வழக்குகளும் பிணக்குகளும் அதற்கும் உண்டு. நான் சொல்ல வந்தது, "நம்மால் ஆகுமா?" என்ற கேள்விக்கு ஒரு சமுதாயம் மாதம் பத்து வெள்ளியால் விடை சொன்ன முறையைப் பற்றி மட்டும்.

இதே போன்று வேறொரு முயற்சியும் அதற்கு முன்னரே நடந்தது. 1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்ப்பதற்காக. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்தத் துறை பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராத மரம் வெட்டிகள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். தமக்கு எட்டாத இடத்தில் தம் வெள்ளி போய் உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணமே பிறகு பிள்ளையை அங்கே அனுப்பும் துணிவைத் தந்திருக்கும். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் மாணவர்களைப் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையாக அழைத்துப் போவதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதோடு, பெற்றோரையும் முருகன் சந்நிதியில் நிறுத்தி, "என் பிள்ளை படிப்பான்" என்று மனத்தில் உறுதி கொள்ள வைக்கிற ஏற்பாடு அது. இறைவன் முன்னிலையில் சொன்ன சொல்லை மறுநாளே மாற்ற நம் மக்களுக்கு மனம் வராது.

இப்போது ரெம்பாவுக்கு வருவோம். நம் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அண்டைக் கம்பங்களில் உள்ள மலாய்ச் சகோதரர்கள் அடாட் பெர்ப்பாத்தே மரபைப் பின்பற்றுபவர்கள். குலச்சொத்தான நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1909இல், இந்த மரபு நிலவுரிமைக்கென்று சட்டம் இயற்றப்பட்டு, நிலம் பெண்கள் பேரில் பதிவாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் வயலும் வீடும் பெண் பேரில். வேலிக்கு இந்தப் பக்கம், செம்போங்கிலும் பத்து ஹம்பாரிலும் பெடாஸ் வட்டாரத்திலும் மரம் வெட்டிய நம் பெண்கள் பேரில் ஒரு சாண் நிலமும் இல்லை. சம்பளத்தையும் பலருக்குக் கணவரே எண்ணி வாங்கினார். கள்ளுக்கடை வழியாக வீடு வந்து சேர்ந்த சம்பளங்களைப் பற்றி நான் விரிக்கப் போவதில்லை. அந்தச் சூழலில் ஒரு பெண் தன் பேரில் பங்கு எடுத்து, தன் பேரில் ரசீது வைத்திருப்பது என்ன மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள். என் தாயாரின் பேர் ஒரு காகிதத்தில் அச்சாகி நான் பார்த்தது அடையாள அட்டைக்கு அடுத்தபடி அந்த ரசீதில்தான்.

இன்றைக்கு ரெம்பாவில் பால் மரங்கள் குறைந்து செம்பனை நிறைந்துவிட்டது. லயங்களில் பாதி இல்லை. வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். நம் மக்கள் செனவாங், சிரம்பான் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள். இடம் மாறிற்று, வாக்கியம் மாறவில்லை. அதனால்தான் பழைய கதையை இவ்வளவு விரித்தேன்.

அறப்பணியில் ஈடுபடும் இளைஞர்கள் வீடு வீடாகப் போகும்போது எதைக் கைக்கொண்டால் பலன் தெரிகிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். விண்ணப்பத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு வரக் கூடாது. அது சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்கு அடியில் போய்ச் சேரும். அடுத்த தைப்பூசத்துக்கு மாடத்தைத் துடைக்கும்போதுதான் வெளியே வரும். அங்கேயே உட்கார்ந்து, பெயரையாவது, அடையாள அட்டை எண்ணையாவது அவர் கையாலேயே எழுத வைத்துவிட வேண்டும். பத்து வெள்ளித் தவணையின் சூட்சுமம் இதுதான். நூறு என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். பத்து என்றால் இன்றைக்கே மடியை அவிழ்க்கலாம். முதல் அடி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு நல்லது. ஆனால் அது அன்றைக்கே வைக்கப்பட வேண்டும்.

போகும்போது டாக்டரையும் வக்கீலையும் அழைத்துப் போவதைவிட, அதே தாமானில் போன ஆண்டு உதவி பெற்றுப் படிக்கப் போன பையனின் தாயாரை அழைத்துப் போங்கள். டாக்டர் பேசினால், "அவங்க பெரிய இடத்துப் பிள்ளைங்க" என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடலாம். பின்வீட்டுக்காரியை அப்படி ஒதுக்க முடியாது. பாட்டியிடமும் பேசுங்கள். முன்கூடத்தில் தகப்பனார் தலையசைத்தாலும் முடிவு அடுப்படியில்தான் எடுக்கப்படுகிறது.

"பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். யாரும் தாம் பயப்படுவதாக ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் ஏற்கெனவே செய்ததைக் கேளுங்கள். மூன்று பிள்ளைகளை எப்படி வளர்த்தீர்கள், தோட்டத்தை விட்டு வந்தபோது வீட்டுக்கு முன்பணம் எப்படிச் சேர்த்தீர்கள், கோயில் திருவிழாவுக்கு அன்னதானக் கணக்கை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆடித் திருவிழாவில் ஊரையே உட்கார வைத்துச் சோறு போடும் பெண்மணி, நில அலுவலகத்து முகப்பில் நின்று பேசத் தயங்குகிறார் என்றால், அவரிடம் இல்லாத திறமையை நாம் ஊட்ட வேண்டியதில்லை. இருக்கிற திறமையை அந்த முகப்புவரை நடத்திக் கொண்டு போனால் போதும். முதல் தடவை கூடவே போய் நிற்பது நம் கடமை.

ஆனால் ஒன்றைக் கறாராகச் சொல்லியாக வேண்டும். எல்லா மறுப்பும் மனத்தடை அன்று. ஒரு தகப்பனார் என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். மூத்தவன் மூன்றாண்டு படிக்கப் போனால் அவன் கொண்டுவரும் சம்பளம் நின்றுவிடும். வாடகை, தங்கச்சியின் பள்ளிப் பேருந்துக் கட்டணம், அம்மாவின் நீரிழிவு மருந்து, இதில் எதை நிறுத்தட்டும் என்று கேட்டார். அவருக்கு ஊக்கமூட்டும் உரை நிகழ்த்துவது பாவம். அது கூட்டல் கழித்தல். அதற்குப் பேச்சு வேண்டாம், பணம் வேண்டும். அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கடன் 1997 முதல் இருக்கிறது. ஆனால் கடன் கைக்கு வரும்வரை முதல் மாதங்களின் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் யார் பொறுப்பு? பல பிள்ளைகள் இடம் கிடைத்தும் போகாமல் நிற்பது இந்தச் சிறிய பள்ளத்தில்தான். கல்வி நிதியை முழுக்க முழுக்கக் கட்டணமாகவே கொடுக்காமல், ஒரு பகுதியை இந்த முதல் மாதச் செலவுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் வற்புறுத்தி வருவது இதனால்தான்.

அதேபோல், பணம் கட்டச் சொல்லி யாராவது வந்தால் சந்தேகப்படுகிறவர்களை, "முன்னேறத் தெரியாதவர்கள்" என்று ஏசாதீர்கள். நில நிதிக் கூட்டுறவுக்குப் பின் நம் மக்களிடம் நம்பிக்கையை மூலதனமாக்கித் திரட்டப்பட்ட வேறு சில திட்டங்களில் பணம் போட்டு, கிழிந்த பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருக்கிற முதியவர்களை நான் அறிவேன். அவர்கள் சந்தேகம் அவர்கள் விலைகொடுத்து வாங்கிய அறிவு. கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. நம் அறப்பணியின் வரவு செலவு ஒவ்வோர் ஆண்டும் இம்மலரின் பின்பக்கங்களில் அச்சாவது அலங்காரத்துக்காக அல்ல. வீடு தேடிப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

எஸ்பிஎம் முடிவு வெளிவந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் ஆலய மண்டபத்தில் விண்ணப்ப நாள் நடைபெறும். யுபியு விண்ணப்பத்தைக் கைப்பேசியிலேயே நிரப்பலாம். அதற்குத் துணை செய்ய, தற்போது கல்லூரிகளில் படிக்கும் நம் வட்டாரப் பிள்ளைகள் மேசைக்கு ஒருவராக உட்காருவார்கள். பெற்றோர் தம் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தேர்வு முடிவுத் தாள், மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டு வரவேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத குத்தகை வேலைக்காரர்களும் தயங்காமல் வரலாம். என்ன எழுத வேண்டும் என்பதை அங்கேயே பார்த்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைகள் இருந்தால், அவர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவர்களுக்கென்று தனி மேசை உண்டு. செம்போங், பத்து ஹம்பார் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்ப முடியாது. ஆகவே நன்கொடையாளப் பெருமக்களிடம் இம்முறை காசோலையோடு இன்னொன்றும் கேட்கிறேன்: வேன் அல்லது கார் வைத்திருப்பவர்கள் அன்று காலை 8 மணிக்கு ஓட்டுநராக வரமுடியுமா என்று செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள்.